ஸ்பிரிங்காரர் செய்த ஸ்பூன்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. பேங்க் மேனேஜரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் ஸ்பிரிங்காரர்தான். கல்யாணமான புதிதில் ஒரு வாடகை ஷெட்டில் பழைய மெஷினைப் போட்டு, ஸ்கூட்டர் சீட்டுக்கு ஸ்பிரிங் சுற்றத் தொடங்கியவர். அவர் கம்பியை உள்ளே விடுவார். மறுமுனையில் வந்து விழுவதை மனைவி ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பாள். சரியாக எம்பாததை, "இது சோம்பேறி" என்று தூக்கி எறிவாள். அவள் கையிலிருந்து எந்தச் சோம்பேறியும் தப்பியதில்லை.

தொழில் பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குப் பின்னாலேயே பெரிய தொழிற்சாலை எழுந்தது. மகள் பிறந்ததும் மனைவி வீட்டோடு நின்றுவிட, அவர் தொழிற்சாலையே கதி என்று கிடந்தார். வீட்டுக்கு வந்தாலும் போன் காதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். "அப்பா நம்ம வீட்டு விருந்தாளி, மரியாதையா நடந்துக்கோ" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள் மனைவி. அவரும் சேர்ந்து சிரிப்பார். அதிலிருந்த குத்தல் அவருக்கு உறைத்ததே இல்லை.

மகள் படிப்பை முடித்துத் தொழிற்சாலைக்கு வரத் தொடங்கிய வருஷம், மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார் டாக்டர். பேச்சு குழறலோடு திரும்பியது. வலது கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன. இடது கையால் எடுத்ததெல்லாம் மடியில் கொட்டியது. பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸை வைத்தார்கள். நர்ஸ் ஊட்டினால் இரண்டே வாய், பிறகு "பசிக்கல" என்பாள். ஆள் துரும்பாய் இளைத்தாள். அவர் தொழிற்சாலையை மகளிடம் விட்டுவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரே ஒரு வாய்."

"பசிக்கலங்க."

"காலையிலயும் இதையேதானே சொன்ன?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எல்லாரும் என் வாயையே பார்க்கறீங்க. எப்படி உள்ள இறங்கும்?"

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஒரு ஸ்பூனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஸ்பிரிங் ஒன்றுதான். கை நடுங்கினாலும் ஸ்பூன் ஆடாமல் இருக்க, காம்பின் நடுவே ஒரு மெல்லிய ஸ்பிரிங்கைப் பொருத்தினார். அவள் அதைக் கஞ்சியில் அமுக்கித் தூக்கினாள். டொய்ங் என்று எம்பிய ஸ்பூன், அத்தனை கஞ்சியையும் அவர் மூக்குக்கண்ணாடியில் அப்பியது.

அவள் சிரித்தாள். நோய் வந்த பிறகு சிரித்த முதல் சிரிப்பு அது. "இது... சோம்பேறி இல்லைங்க" என்றாள், மூச்சு வாங்க. கண்ணாடியைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பிரிங்கை விட்டுத்தொலைத்தார். பருமனான ரப்பர் பிடி போட்டார். உள்ளங்கையைச் சுற்ற ஒரு பட்டை தைத்தார். ஸ்பூனின் கழுத்தை வாய்ப் பக்கமாக வளைத்தார். வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்துப் பார்த்தார். ஒரு நாள் மத்தியானம் அவள் கிண்ணத்தைத் தன் கையாலேயே காலி செய்தாள். பாதியிலேயே கஞ்சி ஆறிவிட்டது. சூடு பண்ணித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தவர், அடக்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் கைப்பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

"ஸ்பூன் எங்கே?"

"பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் கொடுத்துட்டேன்."

"அப்போ நீ எதுல சாப்பிடுவ?"

"ஸ்பிரிங்காரரைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். இன்னொண்ணு செஞ்சு தரமாட்டாரா?"

அவருக்கு உற்சாகம் தலைக்கேறியது. ஒரே அச்சில் ஒரு பெட்டி நிறைய வார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பெட்டி அப்படியே திரும்பி வந்தது. ஒருவருக்குக் கட்டை விரல் உள்ளே மடங்கியிருந்தது, இன்னொருவருக்கு விரல்கள் விரியவே இல்லை.

"ஸ்கூட்டர் சீட்டுன்னு நினைச்சீங்களா? மனுஷங்க கைங்க" என்றாள் மனைவி.

லட்சம் ஸ்பிரிங் செய்தாலும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் என்பதுதான் அவருடைய ஆயுட்காலப் பெருமை. அந்த மனுஷர் இப்போது கட்டில் கட்டிலாகப் போய், ஒவ்வொரு கையையும் தன் கையில் வாங்கி அளவெடுத்தார். இத்தனை பேர் கையை அவர் அதற்கு முன் பிடித்ததே இல்லை.

மகள் முதலில் விலை போடலாம் என்றுதான் சொன்னாள். அவரோடு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"தொழிற்சாலையை நான் பார்த்துக்கறேன்பா. ஸ்பூனை அந்தப் பழைய ஷெட்டுல செய்யுங்க, லாபத்துல ஒரு பங்கு அதுக்கு. ஸ்பூன் யாருக்கும் விலைக்கு இல்ல. ஆனா ஒரு கண்டிஷன், அங்கே அம்மாதான் முதலாளி."

"அப்போ நான்?"

"வேலையாளு. அம்மா சொல்றபடி கேளுங்க."

அப்படித்தான் நடந்தது. ஸ்பூனோடு நிற்கவில்லை. சீப்பு, பல் பிரஷ், சாவி, பேனா என்று கேட்டவர்களுக்குக் கேட்டதைச் செய்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி ஒவ்வொன்றையும் தன் மடங்கிய கையில் மாட்டிப் பார்ப்பாள். திருப்தியில்லாவிட்டால் உதட்டைப் பிதுக்குவாள். அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு போவார்.

ஒரு நாள் ஒரு லாரி டிரைவர் வந்தார். ஆஜானுபாகு, ஆனால் பக்கவாதத்தில் கை மடங்கிப்போனவர். ஊட்ட வந்த தன் மனைவியின் கையை எத்தனையோ தடவை தட்டிவிட்டவராம். ஸ்பிரிங்காரர் அவர் உள்ளங்கையில் பட்டையை மாட்டி, கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்துவிட்டு எதிரே நின்றார். டிரைவரின் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண் இமைக்காமல் பார்த்தாள். டிரைவர் ஸ்பூனைத் தூக்கவே இல்லை.

"ஏங்க" என்றாள் முதலாளியம்மா. "நீங்களும் திரும்பிக்கோங்க, அவங்களையும் திரும்பச் சொல்லுங்க. அவர் தனியா சாப்பிடட்டும்."

இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்கள். வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு கிண்ணத்தில் ஸ்பூன் உரசும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடியும்.

டிரைவரின் மனைவி ஸ்பிரிங்காரரின் முழங்கையை இறுகப் பிடித்தாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.