பத்து ஆம்பியர் ஃபியூஸ்

1. மாட்டியது

மாதனூரில் எஸ்தர் வீட்டு முன்னறையில் நான் மாட்டிய ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸ் இரண்டாவது தடவையாகப் போனது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அன்றைக்கு இன்னும் மூன்று வீடுகளில் செட் மாட்ட வேண்டும். ஆம்பூரில் ஒரு ஆடியோ கடையில் இருபத்தாறு வருடமாக டெக்னீஷியனாக இருப்பவன் நான். ஃபியூஸ் ஏன் போகிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

எஸ்தர் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கும் லைனில் இருந்தார். அவர் கணவர் சாமுவேல் லாரி ஓட்டியவர், பக்கவாதம் வந்து ஒரு வருடமாகக் கட்டிலில் கிடந்தார். காலையில் கம்பெனி பஸ் எஸ்தரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் சாயங்காலம் வரை அவருக்கு டிவிதான் துணை. எஸ்தரின் தம்பி சென்னையில் புது செட் வாங்கியதால், தன் பழைய டவர் ஸ்பீக்கர் இரண்டையும் அக்காவுக்குக் கொடுத்திருந்தார். அதற்கு ஒரு ஆம்ப் கேட்டு எஸ்தர் கடைக்கு வந்தார். கடையிலேயே அசெம்பிள் செய்த ஒன்றை நான் எடுத்துப் போனேன். என்ன ஸ்பீக்கர் என்று முதலில் கேட்கவில்லை.

ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓம் என்று போட்டிருந்தது. எங்கள் ஆம்ப் 8 ஓமுக்குச் செய்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஓம் குறைந்தால் ஸ்பீக்கர் ஆம்பிலிருந்து கரண்டை ஜாஸ்தி இழுக்கும். எட்டுக்குச் செய்ததில் நாலை மாட்டினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுக்கும். சத்தம் நன்றாகவே வரும், அதனால்தான் ஏமாந்து போவோம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கொதித்துக்கொண்டிருக்கும். அதைக் காப்பாற்றத்தான் மூன்று ஆம்பியர் ஃபியூஸ். அது இரண்டு தடவையும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

கடை முதலாளிக்கு போன் போட்டேன்.

"பாய், இந்த ஸ்பீக்கருக்கு நம்ம ஆம்ப் சேராது."

"அப்ப கழட்டிக்கினு வந்துடுப்பா. பண்டிகை முடிஞ்சி பெருசா ஒண்ணு வரவெச்சித் தரலாம். அவங்ககிட்ட சொல்லிட்டு வா."

அவர் சொன்னது சரி. ஆனால் ஃபியூஸ் போவதற்கு முன் சாமுவேல் ஒரு பாட்டு முழுதாகக் கேட்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "எட்த்துனு பூடாத தம்பி" என்று குழறினார். எனக்கு அவர்மேல் இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அவசரம் என்பதுதான் உண்மை. பையில் பத்து ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. போட்டேன். பிறகு ஃபியூஸ் போகவே இல்லை.

"சரியாய்டுச்சாண்ணா?" என்று எஸ்தர் கேட்டார்.

"சரியாய்டுச்சும்மா. வால்யூம் மட்டும் கம்மியா வெச்சிக்கங்க."

2. உறை

ஒரு மாதம் கழித்து அதே தெருவுக்கு வேறு வேலையாகப் போனபோது எஸ்தர் கூப்பிட்டுக் காட்டினார். ஆம்புக்கு ஒரு தோல் உறை. கழிவில் வந்த கறுப்புத் துண்டுகளை ஒட்டுப் போட்டு, இரண்டு வரிசைத் தையல் ஓட்டி, குமிழ்களுக்கு மட்டும் வட்டமாக வெட்டிவிட்டிருந்தார். கையால் தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. ஆம்பின் மேலே சூடு போவதற்காக இருந்த ஓட்டைகள் எல்லாம் மூடியிருந்தன.

"ஷோரூம்ல வாங்குன மாதிரி கீதும்மா" என்றேன். ஓடும்போது கழற்றி வையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

3. புதன்கிழமை

சில வாரம் கழித்து, காலை பதினோரு மணிக்கு எஸ்தர் வீட்டிலிருந்து புகை வந்தது. எஸ்தர் அப்போது லைனில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாமுவேலைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். உடம்பில் தீக்காயம் பெரிதாக இல்லை, ஆனால் புகை நெஞ்சுக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

மறுநாள், அடக்கத்துக்கு முன்னால், விசாரிக்க வந்த போலீஸ்காரர், மாட்டியவன் என்று என்னை வரவழைத்தார். கரிந்த ஆம்பைத் திறந்து பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் உருகிக் கிடந்தது. ஃபியூஸ் கருகியிருந்தாலும் உள்ளே கம்பி அறுபடவில்லை. மூன்று ஆம்பியராக இருந்தால் உறை போட்டிருந்தாலும் கரண்ட் ஏறிய உடனே அறுந்து ஆம்ப் நின்றிருக்கும். யாரும் பார்க்காதபோது அந்தப் பத்து ஆம்பியர் ஃபியூஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாய்யா, எதனால?" என்றார் அவர்.

"காத்து போக வழியில்ல சார். உறை போட்டு மூடிட்டாங்க."

எஸ்தர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்டது. பக்கத்தில் சாமுவேலின் அக்கா கிரேஸ் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் ஃபியூஸைப் பாலாற்றில் எறிந்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகவே சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

4. எட்டு மாதம் கழித்து

எஸ்தர் கடைக்கு வந்தார். தீயில் தப்பிய ஒரு ஸ்பீக்கரை விற்றுத் தர முடியுமா என்று கேட்டார். வீட்டைக் காலி செய்கிறாராம்.

"ஏம்மா?"

"அது அவரு குடும்பத்து வூடுண்ணா. தம்பியக் கொன்னவளுக்கு இங்க இன்னா வேலன்னு நாத்தனார் கேக்கறாங்க. சர்ச்ல யாரும் பக்கத்துல உக்கார்றதில்ல. அவங்க சொல்றதும் நெஜந்தானே? நாந்தானே தெச்சேன். இப்ப மெஷின்ல உக்காந்தா தையல் கோணலா ஓடுது. பேக்கிங்ல போட்டுட்டாங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஓம், மூன்று ஆம்பியர், பத்து ஆம்பியர், சட்டைப்பை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஸ்பீக்கரைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.

"இத என்னாண்ட சொல்லி இன்னா பண்றது? வாங்க. அவங்களாண்ட சொல்லுங்க."

பஸ்ஸில் மாதனூர் போனோம். இறங்கியதும் அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கிரேஸக்கா வாசலிலேயே நின்று நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

"அன்னிக்கு போலீஸ்கிட்ட உறைன்னு சொன்னவன் நீதானே?"

"நாந்தாங்கா. பொய் சொன்னேன்."

"அப்ப பொய், இப்ப நெஜமா? இப்டி சொல்றதுக்கு இவ உனக்கு எவ்ளோ குட்த்தா?"

கதவு சாத்திக்கொண்டது. ஸ்டேஷனுக்கும் போய் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், கூப்பிடவில்லை. கடையில் முதலாளியிடமும் சொன்னேன். ஒரு வாரம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது ஸ்பீக்கரின் ஓம் என்ன என்று கேட்காமல் கடையிலிருந்து ஆம்பை வெளியே எடுப்பதில்லை. ஒரு ஃபியூஸ் போனால் அதே அளவில் இன்னொன்று, அதுவும் போனால் செட்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவேன். பண்டிகையானாலும் சரி, வீட்டுக்காரர் கோபித்தாலும் சரி. தொழிலில் தப்பு நடக்கும், நடந்த அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். எட்டு மாதம் கழித்துச் சொன்ன உண்மையை மாதனூரில் எஸ்தரைத் தவிர ஒருவரும் நம்பவில்லை.

அன்றைக்கு அந்தச் சாத்திய கதவின் முன்னால் எஸ்தர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"அவங்க நம்பலன்னா பரவால்லண்ணா. அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா, அவர அடக்கம் பண்ணும்போது என்னக் கிட்ட வுட்டிருப்பாங்க."