எண்பது பேர் கல்யாணம்

பெண் பார்க்க ஆறேழு பேராவது வருவார்கள் என்று அம்மா பெரிய பாத்திரம் நிறையக் கேசரி கிளறி வைத்திருந்தாள். வந்தது இரண்டே பேர். மாப்பிள்ளை பைக் ஓட்டி வர, பின்னால் அவருடைய அம்மா உட்கார்ந்து வந்தார். தாய்மாமன் இல்லை, பங்காளிகள் இல்லை, தட்டு தூக்கி வரும் பெண்கள் இல்லை. வெளுத்த நூல் புடவை, வெறும் நெற்றி, முழங்கைக்குக் கீழே தோசைக்கல் சுட்ட பழைய தழும்புகள். அவர்தான் பிறகு எனக்கு அத்தை ஆனவர். கனகம்மாசத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு டிபன் கடை வைத்திருந்தார். கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "உனக்குப் புடிச்சிருக்குதாம்மா?" என்று என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் தலையாட்டியதும் நைனா பக்கம் திரும்பினார். "கல்யாணத்தத் திருத்தணி மலமேல வெச்சிக்கலாங்க. ரெண்டு பக்கமும் சேத்து எம்பது பேரு போதும். நகை, சீரு ஒண்ணும் வோணாம்." அவ்வளவுதான். கைகழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். பைக் சத்தம் தெருமுனையில் அடங்கியபோது எங்கள் வீட்டில் ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

மணவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் பிள்ளைகள் நானும், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தம்பியும். நைனாவுக்கு இருந்தது இரண்டு ஏக்கர். நெல்லும் வேர்க்கடலையும் மாற்றி மாற்றிப் போடுவார். என் கல்யாணத்துக்கென்று சேர்த்ததெல்லாம் முந்தின வருஷம் அம்மாவின் இதய ஆபரேஷனுக்குப் போய்விட்டது. அம்மாவின் வளையல்களும் அதோடு போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து, தான் பிழைத்ததே என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டதுபோல அம்மா என் முகத்தைப் பார்க்கக் கூசுவாள். அந்த நிலையில் ஒருவர் வந்து எதுவும் வேண்டாம் என்றால் நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பணம் இல்லாத வீட்டில் சலுகையைக்கூடச் சந்தேகப்பட்டுத்தான் வாங்க முடிகிறது. பெரியப்பாதான் அதை வாய்விட்டுச் சொன்னார். பையனுக்கு வலிப்பு இருக்கலாம், ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்திருக்கலாம், அதனால்தான் கூட்டத்தைக் கூட்டப் பயப்படுகிறார்கள் என்றார். கேட்டபோது சிரித்தேன். படுத்த பிறகு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

பெரியப்பா சும்மா இருப்பவர் இல்லை. இரண்டு நாள் கனகம்மாசத்திரத்துக்குப் போய் டீக்கடையிலும் மருந்துக்கடையிலும் சலூனிலும் விசாரித்தார். பையன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலையில் இருக்கிறான், சிகரெட் கிடையாது, அப்பா இறந்து ஐந்து வருஷம் ஆகிறது, அக்காவை நெல்லூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே கேட்டாலும் இதே பதில்தான். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒண்ணுமே இல்லன்றாங்க. அதான் எனக்கு இன்னும் பயமா இருக்குது" என்றார். மலையில் கல்யாணம் செய்ய, இது முதல் கல்யாணம்தான் என்று இரண்டு பேருக்கும் சான்று வேண்டும். மாப்பிள்ளையுடைய சான்றின் நகல் வந்தபோது நைனா கண்ணாடி போட்டுக்கொண்டு அதை மூன்று தடவை படித்தார். காகிதம் காகிதம்தானே என்றார் பெரியப்பா.

நான் அப்போது திருத்தணியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் சொல்லாமல், மத்தியானம் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். கூட்டம் குறைந்த நேரம். அத்தை தோசைக்கல்லுக்குத் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். என்ன கேட்பது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "இவ்ளோ சின்னதா ஏன் செய்யணும்றீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"என் புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. நீ அதத்தான கேக்க வந்த?" என்றார். விளக்குமாற்றைச் சுவரோரம் வைத்தார். "எனக்குத்தான் கூட்டம்னா பயம். இன்னொண்ணு, தாலி கட்டசொல்ல நா முன்னாடி உக்காருவேன். அந்த நேரத்துல என்ன யாரும் எதுக்கும் கூப்பிடக்கூடாது. இத உங்க நைனாகிட்ட சொல்லிடு." பிறகு எனக்கு இரண்டு தோசை வார்த்துக் கொடுத்து, காசு வாங்காமல் பஸ் ஏற்றிவிட்டார். சந்தேகம் தீர்ந்து திரும்புவேன் என்று போனவள், இன்னொன்றையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்தேன்.

அந்த நிபந்தனை வீட்டில் பெரிய சண்டையைக் கிளப்பியது. புருஷன் இல்லாதவள் தாலி கட்டும் நேரத்தில் முன்னால் உட்காருவதா என்று பெரியப்பா குதித்தார். பெற்ற மகனாகவே இருந்தாலும் ஓரமாகத்தான் நிற்க வேண்டும், எங்கேயும் அதுதான் வழக்கம், இப்படிக் கேட்பவள் நாளைக்கு உன்னை எப்படி நடத்துவாள் என்று என்னிடமே கேட்டார். நைனா வேர்க்கடலையை உடைத்து உடைத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். பருப்பையும் சேர்த்துத் தோல் குவியலில் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில் பேசியது அம்மா. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சத்தமாகப் பேசுவதில்லை. "அவங்க பெத்த புள்ள. அவங்க பாக்கட்டும்" என்றாள். நான் சரியென்று சொன்னதும் அதற்குப் பிறகுதான். தைரியம் வந்து சொன்னேன் என்று சொல்லமுடியாது. அம்மா இதற்கு மேல் ஒரு சண்டையைத் தாங்கமாட்டாள் என்ற பயத்தில் சொன்னேன்.

பிறகு நைனாவும் நானும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் கல்யாணத்தை எழுதத் தொடங்கினோம். எழுதியதைவிட அடித்ததுதான் அதிகம். வீடியோவை அடித்தோம், தாம்பூலப் பையை அடித்தோம், வரவேற்பு மேடையை அடித்தோம். பட்டுப் புடவையை அடிக்கும்போது நைனாவின் பேனா நின்றது. நானே வாங்கி அடித்தேன். அதற்குப் பதில் அம்மாவும் நானும் அம்மையார்குப்பத்துக்குப் போய் நெசவு செய்யும் ஒரு வீட்டிலேயே அரக்கு நிறத்தில் ஒரு புடவை வாங்கினோம். அம்மா அதை மடியில் விரித்து வைத்துக் கரையைத் தடவிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம், பொண்ணுக்குக் கல்யாணப் புடவை என்று தானாகவே சொன்னாள். சாப்பாட்டுக்கு மலையடிவாரத்தில் ஒரு சின்ன மண்டபம். வடை, பாயசத்தோடு எண்பது இலை, மேலே பத்து. யாரைக் கூப்பிடுவது என்பதைவிட யாரை விடுவது என்பதில்தான் எங்களுக்குத் தூக்கம் போனது. நைனா ஒவ்வொரு பெயரையும் அடித்துவிட்டு, அவர்கள் எப்போது எந்தத் துக்கத்துக்கு வந்து நின்றார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்ப எழுதுவார்.

கல்யாணத்தன்று விடியும்போதே மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. நல்ல முகூர்த்த நாள். எங்கள் வேன் ஊர்ந்துகொண்டிருக்க, நான் கைக்கடிகாரத்தையும் அம்மாவின் மூச்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே எங்களைப் போல வேறு ஜோடிகளும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மேளம் முடிவதற்குள் இன்னொரு மேளம். அத்தை எங்களுக்கு முன்பே வந்து ஜமக்காளத்தின் முன்வரிசையில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். யாரையும் வரவேற்கவில்லை, யாரிடமும் சிரிக்கவில்லை. சம்பந்தி பேசமாட்டாங்களா என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அந்த நேரத்தில்தான் பெரியப்பா வந்தார். தனியாக வரவில்லை. தம்பி மகள் கல்யாணம் அநாதைக் கல்யாணம் போல நடக்கக்கூடாது என்று ஊரிலிருந்து ஒரு மினி டெம்போ நிறைய ஆட்களை ஏற்றி வந்திருந்தார். நாற்பது பேராவது இருக்கும்.

தாரை வார்த்து முடித்து அம்மா போய் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எல்லோரும் தொட்டுக் கும்பிடக் கொடுத்தனுப்பியபோது அம்மாவின் போன் அடித்தது. கீழே மண்டபத்திலிருந்து சமையல்காரர். பெரியப்பாவின் ஆட்களில் பாதிப் பேர் மலை ஏறாமல் அடிவாரத்திலேயே இறங்கி நேராகச் சாப்பாட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அரிசி போதாது, என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறார். அம்மாவின் முகம் வெளுத்ததைக் குனிந்த தலையோடு பார்த்தேன். ஒரு கையைத் தரையில் ஊன்றி அவள் எழுந்தாள். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"உக்காருங்க."

"சாப்பாடு பத்தலியாம். வந்தவங்க பசியோட…"

"பசிக்கட்டும். நீங்க உக்காருங்க."

அதட்டல்தான் அது. அம்மா உட்கார்ந்துவிட்டாள். அத்தை கையை விடவில்லை. கெட்டி மேளம் முழங்கியது. முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நெல்லூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் பின்னாலிருந்து போட்டார். நான் நிமிர்ந்தபோது இரண்டு தாய்மாரும் கண்ணெடுக்காமல் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் கன்னங்கள் நனைந்திருந்தன. அதன் பிறகுதான் எழுந்து, அட்சதை ஒட்டிய புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவில் கீழே இறங்கினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு அண்டா ரவா உப்புமா இறங்கியிருந்தது. எல்லா இலையிலும் சோறு கொஞ்சம் குறைவு, உப்புமா கொஞ்சம் அதிகம். பெரியப்பா இலையை மூடும்வரை நிமிரவே இல்லை.

அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருஷம்தான் இருந்தாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்துக் கட்டில்காரியிடமும் ஊசி போட வரும் நர்ஸிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுவாள். "எம் பொண்ணுக்குத் தாலி கட்டசொல்ல மூணு முடிச்சையும் பாத்தேன்." நகை போடவில்லை, பட்டு எடுக்கவில்லை என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை. காரியம் முடிந்து கனகம்மாசத்திரம் திரும்பியதும் இதை அத்தையிடம் சொன்னேன். கடையில் மறுநாளைக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தார். கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

தன் மகள் கல்யாணத்தைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொன்னார். மாமா உயிரோடு இருந்த காலம். இருந்த வீட்டை விற்று, திருவள்ளூரில் பெரிய மண்டபம் பிடித்து, ஊரையே கூப்பிட்டுச் செய்திருக்கிறார்கள். "எத்தினி பேரு வந்தாங்கன்னு இன்னிக்கும் தெரியாது. கேட்டுகினே இருந்தாங்க. சாம்பாரு இல்ல, தண்ணி இல்ல, எங்க மாமனாருக்கு எல போடல. நா சமையக்கட்டுல கரண்டியோட நின்னுகினு இருந்தேன். மேளம் கேட்டுச்சு. ஓடினேன். கூட்டத்துல வழி வுடல. போய்ப் பாக்கசொல்ல எல்லாம் முடிஞ்சிபோச்சு." உளுந்தை இன்னொரு தண்ணீர் மாற்றினார். "ஊருக்குக் கிளம்பசொல்ல அவ ஒண்ணுதான் கேட்டா. திரும்பித் திரும்பிப் பாத்தேனே, நீ எங்கம்மா இருந்தன்னு."

பக்கத்தில் உட்கார்ந்து, தோலை ஒதுக்கிக் கொடுத்தேன். இவரைப் பற்றி எங்கள் வீட்டில் என்னவெல்லாம் நினைத்தோம், ஊர் முழுக்க என்னவெல்லாம் விசாரித்தோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

இப்போது என் தம்பிக்குக் கல்யாணம். அம்மா இல்லாத வீடு, நைனாவுக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. எல்லாம் என் தலையில்தான். மண்டபம்தான் வேண்டும் என்கிறான் தம்பி. அறுநூறு பேருக்குக் குறையாது. கையில் இருப்பதற்குள் அடங்குமா, பெண் வீட்டார் முகம் சுளிப்பார்களா, யாருக்குச் சொல்ல மறந்தேன் என்று காலையில் கண் விழிக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. போன வாரம் வேலைகளைப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தேன். முட்டிவலியால் கடையை விட்டுவிட்ட அத்தை கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில், "தாலி கட்டசொல்ல நீ எங்க இருப்ப?" என்றார். பந்தியில்தான் அத்தை, வேற யாரு பாத்துப்பாங்க என்று எழுதிக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்தபோது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அந்தத் தாளை மறுபடி எடுத்து, பந்தி என்ற இடத்தில் எழுதியிருந்த என் பெயரை அடித்தேன். அங்கே யார் பெயரை எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.