தறிக்குழியில் வளர்ந்த புல்

“…சாப்பிட எல்லாம் வரலீங்க. பஸ்ஸ ஸ்டாண்டுல நிறுத்திட்டு வந்துகிறேன். இந்தப் பையக் குடுத்துட்டு ஜல்தி போவணும்” என்று வாசற்படிக்கு வெளியே நின்றபடியே சொன்னார் என் மருமகளின் அப்பா. காக்கிச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. பையைத் தொங்கவிடாமல் அடியில் ஒரு கை கொடுத்துத் தாங்கியிருந்தார். கிறிஸ்மஸ் அன்று மத்தியானம். உள்ளே மேசைமேல் இலை போட்டாயிற்று.

அவர் எங்கள் வீட்டுப் படிவரை வந்தது அதுவே முதல் தடவை. என் பையனுக்கும் அவர் பெண்ணுக்கும் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாங்கள் பட்டு நெய்கிறவர்கள். அவர்கள் சேத்துப்பட்டில் மாதா கோயிலை ஒட்டிய தெருக்காரர்கள். பெண்ணின் அம்மா கல்யாணத்துக்கு முந்தின வருஷம் தவறிவிட்டார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் பெண்ணும் இப்படிச் செய்துவிட்டாளே என்று அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். திட்டவில்லை, சண்டைக்கு வரவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். இவள் போன் போட்டால் அது அடித்து அடித்து ஓயும்.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் ஓட்டுவது சேத்துப்பட்டு–ஆரணி பஸ். தினமும் பல நடை எங்கள் ஊருக்கு வந்து திரும்புகிறவர். எங்கள் தெருவிலிருந்து ஸ்டாண்டுக்குப் பேசிக்கொண்டே நடந்தால் பேச்சு முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒவ்வொரு டிரைவருக்கும் ஹாரன் அடிப்பதில் ஒரு கைவாகு உண்டு போலிருக்கிறது. மாடியில் துணி காயப்போடும்போது முக்குத் திருப்பத்தில் ஒரு ஹாரன் கேட்கும், இரண்டு சின்னதும் ஒரு நீளமுமாக. இவள் கை அப்படியே நிற்கும். பஸ் போன பிறகு கிளிப் போடுவாள். அது யார் வண்டி என்று நான் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது?

பையனும் கூட இல்லை. கல்யாணமான சில மாதங்களிலேயே குவைத்துக்குப் போய்விட்டான். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் அவளும்தான். ஆண்டவன் எனக்கு வாயைக் கொடுத்திருக்கிறான், பேசிப் பேசியே ஒரு வீட்டை நிரப்பிவிடுவேன். மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவதையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அவளிடம் அவிழ்ப்பேன். அவளும் சிரிப்பாள். ஆனால் சிரித்து முடித்ததும் அவள் முகம் திரும்பிப் போகிற இடம் ஒன்று இருந்தது. அங்கே எனக்கு வழி தெரியவில்லை.

கார்த்திகை முடிகிற சமயம், கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அவளாகவே அவள் அம்மா போடுகிற கிறிஸ்மஸ் மேசையைப் பற்றிச் சொன்னாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்கள் வீட்டில் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். வெள்ளை வேட்டி விரித்து, ஓரம் முழுக்கச் சவுக்குக் கொத்து, இடையிடையே சாமந்தியும் கோழிக்கொண்டையும். நடுவில் எனாமல் தட்டில் கேழ்வரகுப் புல். குழந்தை யேசுவின் குடிலில் வைக்க விதைக்கும்போதே மேசைக்கென்று ஒரு தட்டு தனியாக விதைப்பாராம். “அந்தப் புல்லு மட்டும் மேசையில இருந்தா போதும் அத்த, வேற ஒண்ணும் வேணாம், பண்டிக வந்துட்ட மாதிரி இருக்கும்” என்றாள். பிறகு கீரையைப் பார்த்துக்கொண்டு, அப்பா இந்த வருஷம் பண்டிகையன்றும் டியூட்டி கேட்டு வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னாள். வெறும் வீட்டில் உட்கார முடியாதாம்.

மறுநாளே சேத்துப்பட்டில் ஒரு துக்க விசாரிப்பு இருப்பதாகச் சொல்லிவிட்டு நான் ஸ்டாண்டுக்குப் போனேன். துக்கமும் இல்லை, விசாரிப்பும் இல்லை. அவர் வண்டி வரும்வரை காத்திருந்து, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். என்னை அவருக்குத் தெரியும். பார்த்தார், பார்க்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்தார். ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று மேலே எழுதியிருந்தது. நான் ஊரைத் தாண்டும்வரை அதற்கு மரியாதை கொடுத்தேன். அதற்கப்புறம், பண்டிகையன்று எங்கள் வீட்டில் மேசை போடப்போகிறோம், மத்தியானம் வண்டி ஆரணியில் நிற்கிற நேரத்துக்கு ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள் அண்ணா என்றேன். அவர் கியரை மாற்றினார். சேத்துப்பட்டில் நான் இறங்கும்போது மட்டும், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: “ஒழுங்கா சாப்புடறாளா?”

“நீங்களே வந்து பாருங்க” என்றேன். திரும்பி வேறு வண்டியில் வந்தேன். அவளிடம் மூச்சு விடவில்லை. அவர் வராமல் போனால் அந்த ஏமாற்றம் என்னோடு போகட்டும்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை கிடையாது. நெய்து அறுத்த சேலையைப் பிரித்துப் பார்த்து மடிக்கிற நீள மேசை ஒன்று உண்டு. அதில் பட்டுச் சேலையைத் தவிர ஒரு டீ டம்ளரைக்கூட வைக்க விடமாட்டார் என் வீட்டுக்காரர். மருமகளுக்கு என்றதும் தானே துடைத்துக் கொடுத்தார். அதோடு நில்லாமல், கேழ்வரகு முளைக்கும் தானே பொறுப்பு என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பாலிகைக்கு முளை போடுகிறவர் அவர்தான். பாலிகை என்றால், கல்யாணத்துக்கு முன்னால் சின்னச் சட்டிகளில் நவதானியம் விதைத்து முளைக்க வைப்பது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அதற்குத் தண்ணீர் தெளித்து வாழ்த்துவார்கள். ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணத்தில் அதற்கெல்லாம் ஏது இடம்? அவருக்கு அதில் ஒரு குறை உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அவள் ஒரு சட்டியில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். முளை போட்டால் எடுக்கிற நாள்வரை யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்றார். அவளும் மாமா சொல்கிறாரே என்று பேசாமல் இருந்தாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் அவர் சட்டியை எடுத்து வந்தார், முகமெல்லாம் பெருமை. பாவு நூல் தீர்ந்து சும்மா கிடந்த ஒரு தறியில், நெய்கிறவர் கால் தொங்கவிடும் குழிக்குள் வைத்து, மேலே பலகை போட்டு மூடி வளர்த்திருக்கிறார். தறிக்குழியில் எப்போதும் ஈரமும் குளுமையும் இருக்கும், வெளிச்சம் மட்டும் இருக்காது. முளை ஒரு சாணுக்கு மேல் நின்றது. மஞ்சள் மசேலென்று, பச்சை என்பதே இல்லாமல், பட்டு நூலை நறுக்கி நட்டு வைத்த மாதிரி.

“பாரு, பொன்னாட்டம் வந்துகீது” என்றார். எங்கள் வழக்கத்தில் பாலிகை முளை அப்படித்தான் இருக்க வேண்டும். வெளுப்பாக எழும்பினால்தான் குடும்பத்துக்கு நல்லது என்போம்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நல்லாருக்கு மாமா என்றாள். பிறகு சமையலறைக்குப் போய், நறுக்கி வைத்த வெங்காயத்தை மறுபடியும் நறுக்கினாள். நான் பின்னால் போனேன். அவள் குரலை உயர்த்தவில்லை. “எங்கம்மா வெக்கறது பச்சையா இருக்கும் அத்த” என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் புரிந்ததும் என் வீட்டுக்காரர் பேஜாராகிவிட்டார். சட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் வாசலுக்கும் வெயில் தேடி அலைந்தார். மார்கழி மூட்டம், வெயில் எங்கே வருகிறது? தெருவில் போன ஒருத்தி, என்ன அண்ணே, கொழந்தைக்குச் சூரியன் காட்டறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் நுனியில் மட்டும் லேசாகப் பச்சை ஓடிற்று. ஓடியது என்று நாங்களாகச் சொல்லிக்கொண்டோம்.

சவுக்குக்கும் அலைச்சல்தான். பூக்காரம்மாவிடம் கேட்டேன். “சவுக்கா? பந்தல் போடப் போறீங்களா, அடுப்பெரிக்கப் போறீங்களா?” என்றாள். மேசைக்கு என்றதும் சிரித்தாள். ஆனால் மறுநாள் காலையில் அவளே ஊருக்கு வெளியே ஒரு சவுக்குத் தோப்பிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்து போட்டாள். கூடவே ஒரு கை பூளைப்பூவும். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூ அது. “இத வேணாம்னா சொல்லப் போவுது உங்க மருமகளோட சாமி?” என்றாள்.

காலைப் பூசைக்குப் போய் வந்த கையோடு அவள் மேசையை ஆரம்பித்தாள். வேட்டி விரித்தோம். சவுக்குக் கொத்துகளை மிஞ்சிய பட்டு நூலால் கட்டிக் கட்டி ஓரத்தில் வைத்தோம். சாமந்தி, கோழிக்கொண்டை, வெள்ளையாகப் பூளைப்பூ. மாவிலையைக் கோத்து மேசை விளிம்பைச் சுற்றித் தொங்கவிட்டது என் யோசனை. இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடுவில்தான் இடம் காலி. அவள் மஞ்சள் முளைச் சட்டியை எடுத்து அங்கே வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு சட்டியை இப்படியும் அப்படியும் திருப்பினாள், எந்தப் பக்கம் பச்சை அதிகம் தெரியும் என்று.

பிரியாணி இறக்கியாயிற்று. மார்கழி என்பதால் என் வீட்டுக்காரருக்கு மட்டும் தனியாகச் சாம்பார். அவள் மூன்று இலை போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நாலாவதாக ஒன்று போட்டாள். குவைத்தில் இருப்பவனுக்கா என்று நான் கேட்கவில்லை. முக்குத் திருப்பத்தில் அந்த ஹாரன் அப்போதுதான் கேட்டிருந்தது. இலை போட்ட கை இலைமேலேயே இருந்தது. வரச் சொன்னது நான். வரவில்லையென்றால் அந்த இலையை எடுக்க வேண்டியவளும் நான்தான்.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம். சாப்பிட வரவில்லை, பையைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறார்.

நான் கை நீட்டினேன். அவர் பையைப் பிரித்தார். ஈரத் துணி சுற்றிய எனாமல் தட்டு, நீல விளிம்பு. அதில் கேழ்வரகுப் புல், கண்ணைப் பறிக்கிற பச்சை. பஸ் குலுக்கலில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

“இவ அம்மா வெதைக்கிற மாதிரியே நானும் வெதச்சிட்டேன்” என்றார். “மேசையும் அங்கதான் கீது. ஒத்தையா வெச்சுப் பாக்க முடியல.”

என் பின்னால் மருமகள் வந்து நின்றிருந்தாள். தட்டை வாங்க அவள் கை நீட்டவில்லை. “உள்ள வந்து நீங்களே வெச்சிடுங்கப்பா” என்றாள். “அம்மாவோட தட்டு. நான் வாங்குனா கீழ போட்டுடுவேன்.”

அவர் என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சவுக்குக் கொத்து ஒன்றைத் தொட்டார். நடுவில் இருந்த மஞ்சள் முளையைக் கண்டதும் நின்றார்.

என் வீட்டுக்காரர் அவசரமாகச் சட்டியை எடுக்கப் போனார். அது வெளிச்சம் படாமல் தறிக்குழியில் வளர்ந்தது, ஏதோ தெரியாமல் செய்துவிட்டேன் என்று குழறினார்.

“இருக்கட்டும், எடுக்காதீங்க” என்றார் அவர். “கண்ணாலத்துக்கு வெப்பீங்களே, அதானே இது?”

“ஆமாங்க. பாலிகை.”

அவர் எனாமல் தட்டை அந்தச் சட்டிக்குப் பக்கத்தில், விளிம்பு இடிக்கிற மாதிரி நெருக்கி வைத்தார். நாலாவது இலைக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். டம்ளரை எடுத்து இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பிறகு டம்ளரில் மீதியிருந்த தண்ணீரில் விரலை நனைத்து, அந்த மஞ்சள் முளைகள்மேல் மெதுவாகத் தெளித்தார்.