கொதிக்க வைக்காத நீர்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்போது கால் வீங்காத வீடே இல்லை. ஜப்பான்காரன் காலம். அரிசி இல்லை, மரவள்ளி, மரவள்ளி, மறுபடியும் மரவள்ளி. அமுக்கினால் குழி விழும் கால்கள், குழி நிரம்ப நேரமெடுக்கும் கால்கள். பெரிபெரி என்றார்கள், தவிடு தின்றால் வடியும் என்றார்கள். என் கணவருக்கும் வீங்கியபோது நான் பயப்படவில்லை. எல்லாருக்கும் வந்ததுதானே என்று ஒரு நிம்மதிகூட.

ஆனால் அவருக்கு யுத்தத்துக்கு முன்பே இனிப்பு நீர் இருந்தது, சர்க்கரை வியாதி. அதை நாங்கள் எறும்பைக் கொண்டு அளந்தோம். அவர் மூத்திரம் போன குளியலறைச் சிமெண்டில் எறும்பு மொய்த்தால் மரவள்ளியில் ஒரு துண்டைக் குறைப்பேன். அந்த வருஷம் மொய்ப்பது நின்றது.

“என்னங்க, எறும்பே காணோம்!”

“அதையும் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடிச்சிட்டுப் போயிட்டான் போல.”

சிரித்தோம். இரண்டு வீடு தள்ளியிருந்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சிரிக்கவில்லை.

“எறும்பு வரலன்னா சீக்கு போச்சுன்னு அர்த்தம் இல்லக்கா. சிறுநீரகம் கெட்டாலும் அப்படி ஆகும். மூத்திரத்தக் கொஞ்சம் கொதிக்க வச்சுப் பாருங்க. முட்டை வெள்ளக்கரு மாதிரி திரிஞ்சா உடனே சொல்லுங்க, உப்ப நிறுத்தணும்.”

“சரி தம்பி” என்றேன். வைக்கவில்லை. சமைக்கிற அடுப்பில் மூத்திரமா? கை கூசியது. முற்றத்தில் மூன்று கல், ஒரு பால் டின் போதும். அது எனக்குத் தெரியாமலா இருந்தது?

அதற்குப் பதில் கிள்ளானுக்கு ரயிலேறினேன். நெல் ஆலைக்காரரிடம் கெஞ்சித் தவிடு வாங்கி மடியில் கட்டிவந்தேன். தொண்டையில் இறங்கவில்லை என்றார் கணவர். குலா மலாக்கா வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். தொட்டுக்கொள்ளக் கருவாடு சுட்டேன்.

“ராஜா சாப்பாடு லா!” என்றார்.

இனிப்பும் உப்பும் என் கையால், மூன்று மாதம். வீக்கம் கணுக்காலை விட்டு முழங்காலுக்கு ஏறியது. ஒரு காலையில் இமை திறக்க முடியாமல் முகமே ஊதிக் கிடந்தார். அன்றுதான் முதன்முதலாக அவரிடம் டின்னை நீட்டினேன். முற்றத்தில் கல் கூட்டினேன். கொதி வருமுன்பே வெள்ளை வெள்ளையாய்த் திரிந்தது.

டிரஸ்ஸர் ஓடிவந்து டின்னுக்குள் பார்த்தார். “எப்பலேர்ந்துக்கா?”

“இன்னிக்குத்தான் தம்பி. நீங்க சொன்னப்பவே வச்சுப் பார்த்தேன். அப்பத் தெளிவாத்தான் இருந்துச்சு.”

சாய்வு நாற்காலியில் இருந்தவருக்கு எல்லாம் கேட்டது. அன்றுதான் கரி பிடித்த புதுக் கல்லையும் என்னையும் பார்த்தார்.

“ஆமா தம்பி” என்றார். “நானும் பார்த்தேன்.”

அதன்பின் உப்பில்லாத மரவள்ளியை, முகம் சுளிக்காமல், ஐந்து வாரம் தின்றார். ஒவ்வொரு வேளையும் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஏன் வைக்கவில்லை என்று கேட்டால் சொல்ல, ஒரே அடுப்புதானே என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கேட்காமலே போய்விட்டார்.