சேருக்குச் சொன்ன சம்மதம்

கோப்பன்ஹேகனில் எனக்குக் கடலரிப்பைப் பற்றிப் படிப்பித்த பேராசிரியர் ஒரு இத்தாலிக்காரர். அவர் தன் நாட்டு நாடாளுமன்றத்துக்கு எம்.பி.யாகப் போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது நல்ல பங்கா கெட்ட பங்கா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றும்.

டென்மார்க்கில் பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பதினாறு வயதுவரை படித்துவிட்டு, கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்திலுள்ள இஷொய்க்கு வந்த எனக்கு அது மட்டும் கடைசிவரை வாயில் வரவில்லை. ஊரில் ஆசிரியர்களைக் கூப்பிடுவதுபோல 'சேர்' என்றே கூப்பிட்டேன். முதலில் சிரித்தார், பிறகு பழகிக்கொண்டார்.

என் ஆய்வு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. டென்மார்க்கின் யூலண்ட் பகுதியில், மேற்குக் கரையில் மணல் எப்படி நகர்கிறது என்பதுதான் தலைப்பு. இரண்டு குளிர்காலம் காற்றில் விறைத்து நின்று நான் எடுத்த அளவுகள் அவருக்கும் எனக்கும்தான் விளங்கும். அப்படியிருக்க ஒரு வெள்ளிக்கிழமை, துறையில் எல்லோரும் வழக்கமான வாராந்தக் கேக்கைச் சாப்பிட்டு முடிந்ததும் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இத்தாலியில் திடீரென்று தேர்தல் அறிவித்திருந்தார்கள். வெளிநாட்டில் வாழும் இத்தாலியர்களுக்கென்று அந்த நாடாளுமன்றத்தில் சில ஆசனங்கள் உண்டாம். அதில் ஒன்றுக்குத் தன்னை நிற்கச் சொல்கிறார்கள் என்றார்.

"வென்றால் நான் ரோமுக்குப் போய்விடுவேன். உன் ஆய்வை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டிவரும். நான் நிற்பதில் உனக்குச் சம்மதமா? உண்மையைச் சொல்," என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்குச் சம்மதமில்லை. ஆனால் வாய், "யெஸ் சேர், கட்டாயம் நில்லுங்கள்," என்றது. படிப்பிக்கிறவர் சம்மதமா என்று கேட்டால் அது ஒரு மரியாதைக்கு. அதற்கு வேறு பதில் கிடையாது. அப்படித்தான் நான் வளர்ந்தேன். இந்த ஊரில் கேட்கிறவர்கள் பதில் வேண்டித்தான் கேட்கிறார்கள் என்பது, பத்து வருடம் இங்கே குப்பை கொட்டியும் என் மண்டையில் ஏறவில்லை.

வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு என் ஆய்வின் கதி பெரிதாகப் படவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர், ஒரு கால் சப்பாத்தோடு அப்படியே நின்றார்.

"நாட்டை விட்டு வந்தவையையும் வோட்டுப் போட விடுகினமோ?"

"ஓம் அப்பா. வோட்டுக் கடதாசி தபாலிலை வீட்டுக்கே வரும். போட்டுத் திருப்பி அனுப்பிறதுதான்."

"எங்களுக்கு ஒரு நாளும் ஒருத்தரும் அனுப்பேல்லையே, பிள்ளை," என்றார். மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டு, "அந்த மனுசன் வெல்லோணும்," என்றார்.

அதன்பிறகு அவருக்கு அதுவே வேலை. கீழேயிருந்த பீட்சாக் கடைக்காரரிடம்கூட என் சேருக்கு வோட்டுக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் துருக்கிக்காரர்.

எனக்கோ காலையில் சேர் வெல்ல வேண்டும், மத்தியானம் தோற்க வேண்டும். தோற்க வேண்டும் என்று நினைத்தால் அப்பாவின் முகம் வரும். வெல்ல வேண்டும் என்று நினைத்தால் என் மணல் வரும். வீட்டிலிருக்கும் மாதா படத்துக்கு முன்னால் நின்று, எதைக் கேட்பது என்று தெரியாமல், மெழுகுதிரியை மட்டும் கொளுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

வென்றார். பிரியாவிடையில், காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "முடிவெடுக்குமுன் என் மாணவர்கள் மூவரையும் கேட்டேன். ஒருவர் வேண்டாம் என்றார். இன்னொருவர் கோபித்துக்கொண்டார். இவர் மட்டும் ஒரு கணமும் யோசிக்காமல் நில்லுங்கள் என்றார். இவரும் மறுத்திருந்தால் நான் நின்றிருக்க மாட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தட்டினேன். பெருமையாக இருந்தது, என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. கழிப்பறைக்குள் போய், எதற்கு என்று சரியாகத் தெரியாமலே அழுதேன். அப்பா கேள்விப்பட்டு, "அப்ப நீதான் அவரை எம்.பி. ஆக்கினனி!" என்று டோஸ்ட்ருப்பில் இருக்கும் மாமாவரைக்கும் போன் போட்டுச் சொன்னார்.

அடுத்து வந்த பேராசிரியர் என் அளவுகளைப் புரட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஓரமாக வைத்தார். அவர் சொன்னபடி கணினியில் வேறு என்னவோ செய்து பட்டத்தை வாங்கினேன். அளவுக் கொப்பிகள் இன்னும் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன.

போன மாசியில் சேர் ரோமிலிருந்து அழைத்தார். குரல் களைத்திருந்தது. மறுபடியும் நிற்கச் சொல்கிறார்களாம்.

"நிற்கட்டுமா? உண்மையைச் சொல்."

இந்த முறை எனக்கு இழக்க ஒன்றுமில்லை; அந்தக் குரலைக் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்போல இருந்தது. "வேண்டாம் சேர்," என்றேன்.

அவர் மெல்லக் கேட்டார்:

"அன்றைக்கும் நீ உண்மையைத்தானே சொன்னாய்?"

"யெஸ், சேர்," என்றேன்.