பருந்து வரும்வரை

போன மாதம் கனடாவிலிருந்து என் தங்கை மகன் வந்திருந்தான். கித்துல்கலையில் பறவை பார்க்கப் போகிறானாம். வழிகாட்டி, வாகனம், பகல் சாப்பாடு எல்லாம் ஹோட்டல்காரர்களே ஏற்பாடு செய்துவிடுவார்களாம். "பெரியம்மா, நீங்களும் வாங்க, கழுகெல்லாம் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அறையைவிட்டு வெளியே வந்தான். பச்சையும் மண்ணிறமும் திட்டுத்திட்டாகப் போட்ட தொப்பி, அதே துணியில் காற்சட்டை, கழுத்தில் தூரக்கண்ணாடி. "மொதல்ல அந்தத் தொப்பியக் கழட்டு!" என்று கத்திவிட்டேன். பாவம், பிள்ளை மிரண்டுபோனான்.

அவனுக்கு என்ன தெரியும்? இராணுவ உடுப்பின் அந்த நிறத்தில் ஒரு கைக்குட்டை வைத்திருக்கக்கூட நாங்கள் பயந்த காலம் ஒன்று இருந்தது. சந்தையில் அந்தத் துணியில் தைத்த பை தொங்கினால், அம்மா அந்தக் கடைப் பக்கமே போகமாட்டாள். இப்போது அது ஃபாஷனாம். நல்லது. ஆனால் என்னைப் பயமுறுத்தியது தொப்பிகூட இல்லை, அவன் கழுத்தில் தொங்கியதுதான்.

எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. எனக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத நாட்கள் அவை. இரத்தினபுரிக்கு மேலே, கீழே றப்பரும் மேலே தேயிலையுமாக இருந்த ஒரு தோட்டத்தில் நான் பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை, மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில். கொழுந்தைப் பரப்பிவிட்டால் அது வாடும்வரை மனிதனுக்கு என்ன வேலை? இவர் ஜன்னலில் நின்று வானத்தைப் பார்ப்பார். தோட்டத்து உதவி மேனேஜராக இருந்து வேலையை விட்டுப்போன சின்னத்துரை ஒருவர், போகும்போது தன் பழைய தூரக்கண்ணாடியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பைத்தியம் முற்றிவிட்டது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டால் வாசலில் அண்ணாந்துகொண்டு நிற்பார். கட்டிக்கொண்டவள் இவ்வளவு பக்கத்தில் இருக்க, எட்டாத உயரத்தில் பறக்கிறதைத் தேடுகிற மனிதரை என்ன செய்ய என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பேன்.

எனக்குப் பறவை என்றால் மூன்றுதான்: காக்கா, கோழி, கருடன். பெரிய இறக்கையை விரித்து வட்டம் போடுவதெல்லாம் எனக்குக் கருடன். கண்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டுவிடுவேன். "இது பாம்புப்பருந்து புள்ள. கருடன்னா கழுத்து வெள்ளையா இருக்கும்" என்பார். "கும்புட்டா கொறஞ்சா போயிடுவேன்?" என்பேன். இந்த வழக்கு எங்களுக்குள் ஓயவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். புதுப்பெண்டாட்டியைப் படத்துக்குக் கூட்டிப்போவார்கள், கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள். எனக்குக் கிடைத்தது இது. கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு, போத்தலில் பிளேன்டீயும் ஊற்றிக்கொண்டு தேயிலை முடிகிற இடத்துக்கு மேலே உள்ள மொட்டைப் பாறையில் ஏறி உட்கார்ந்தோம். எதிர்மலை உச்சியில் ஒரு கோபுரம், தொலைபேசிக்கோ ரேடியோவுக்கோ போட்டது. அதற்கு அந்த வாரம்தான் இராணுவக் காவல் போட்டிருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

வெயில் ஏற ஏற ஒரு பறவை சரியாக அந்தக் கோபுரத்துக்கு மேலே வட்டம் போட்டது. இவர் கண்ணாடியை அந்தப் பக்கம் திருப்பினார். நான் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டேன். பறவை திரும்பி வந்தபோது மறுபடியும் கும்பிட்டேன். யோசித்துப் பாருங்கள், எதிர்மலையில் காவல் நிற்பவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

ரொட்டியைப் பிரித்தபோது பின்னாலிருந்து, "ஒஹொம இன்ன!" என்று குரல் வந்தது. அப்படியே இரு என்று அர்த்தம். ஒரு சார்ஜன், கூட மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய். இரண்டு துவக்கும் எங்களைப் பார்த்தே இருந்தன.

"காட்டத அத வெனுவே?" யாருக்குக் கை காட்டினாய் என்று சார்ஜன் என்னைக் கேட்டார். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, சந்தையில் சண்டையே போடுவேன். அன்று இவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். இவர்தான், "ராஜாலியோ பலன்ன ஆவே, சேர்," கழுகு பார்க்க வந்தோம் என்று மெதுவாகச் சொன்னார். சார்ஜன் கண்ணாடியை வாங்கிக் கோபுரத்தைப் பார்த்தார். கோபுரத்தின் ஆணிகூடத் தெரிகிறதே என்றார். பிறகு அடையாள அட்டையைக் கேட்டார்.

அங்கேதான் எனக்கு உயிர் போனது. இவருடைய அட்டையில் பிறந்த இடம் கிளிநொச்சி; இராணுவத்துக்கு அது புலிகளின் ஊர். எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைக் கொளுத்தியபோது இவருடைய அம்மா வயிற்றுப்பிள்ளையோடு அங்கே ஓடிப்போனவர். பிறந்தது மட்டும்தான் அங்கே, நடை பழகியது இந்தத் தோட்டத்தில். அதையெல்லாம் அட்டையில் எழுதமாட்டார்களே. சார்ஜன் அட்டையைப் பார்த்து "செல்வராஜ்... கிளிநொச்சி" என்று மெதுவாக வாசித்தார். நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அந்த வாயில் கேட்டபோது, இவர் இனி எனக்கில்லை என்றே நினைத்தேன். அப்படிக் கூட்டிப்போன பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மார் எங்கள் தோட்டத்திலேயே இருந்தார்கள்.

"கழுகு பார்க்கத்தானே வந்தீர்கள்? காட்டுங்கள், நானும் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு சார்ஜன் பாறையில் உட்கார்ந்தார். வராவிட்டால் இவரை முகாமுக்குக் கூட்டிப்போவதாகவும் சொன்னார்.

வானம் வெறுமையாகக் கிடந்தது. பள்ளத்திலிருந்து மேகம் வேறு ஏறத் தொடங்கியது. இவர் முட்டி போட்டபடி, கைகளைத் தலையில் வைத்தபடி அண்ணாந்துகொண்டிருந்தார். நானும் பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக வானத்தை நான் பார்த்ததில்லை. முருகனைக் கூப்பிட்டேன், மாரியம்மாவைக் கூப்பிட்டேன், கடைசியில் பாம்புப்பருந்தே வந்துவிடு என்று அதையே கூப்பிட்டேன். ஒரு கொக்குக்கூட வரவில்லை. மேகம் கோபுரத்தை மூடியது. சார்ஜன் எழுந்து, நட என்று இவருக்குக் கையைக் காட்டினார். நான் இவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் கீழே எங்கள் லயத்திலிருந்து பெரிய சத்தம் கிளம்பியது. தகரத்தில் தட்டுகிறார்கள், பெண்கள் "ஹோ! ஹோ!" என்று கத்துகிறார்கள். சார்ஜன் துவக்கைத் தூக்கிவிட்டார். ஊரே திரண்டு வருகிறது என்று நினைத்திருப்பார். இவர் மட்டும், "சேர், அது கோழிக்குஞ்சுக்கு, பருந்து எறங்குது, அதுதான் தட்டுறாங்க" என்று சிங்களத்தில் பதறினார். சொல்லி வாய் மூடவில்லை, மேகத்தைக் கிழித்துக்கொண்டு எங்களுக்கு நேர் கீழே அது எழும்பியது. காலில் ஒரு குஞ்சு தொங்கியது. கீழே யாரோ ஒருத்தி அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள்.

இளஞ்சிப்பாய் சிரித்துவிட்டான். "அபே அம்மாத் ஒஹொமய்" என்றான். அவனுடைய அம்மாவும் இப்படித்தானாம். சார்ஜன் சிரிக்கவில்லை. பறவை மறையும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டையை இவர் கையில் கொடுத்தார், கண்ணாடியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் இனி வராதே என்றார். முதுகில் ஏதாவது படுமோ என்று லயம் வரும்வரை கூசிக்கொண்டே வந்தேன்.

சாமி கும்பிட்டதற்கா இவ்வளவும் என்று எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. அதற்குப் பிறகும் ஜீப் சத்தம் கேட்டால் இவருடைய சாப்பாட்டுக் கை அப்படியே நின்றுவிடும். அடுத்த மாதமே இவர் பெரிய கிளாக்கரிடம் தானாகப் போய்க் கேட்டு, ஜன்னல் இல்லாத தூள் சலிக்கிற அறைக்கு மாறிக்கொண்டார். மாடியில் நிற்பது யார் கண்ணிலாவது படுமாம். தூளில் நின்று நின்று இருமல்தான் மிச்சம்.

சண்டை முடிந்தது. கோபுரத்தின் காவல் போனது, சாலைத்தடைகள் போயின, அந்த ஃபெக்டரியும் மூடிக்கிடக்கிறது. போன வருடம் கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். கூரை விழுந்த ஃபெக்டரிக்கு மேலே ஒன்று வட்டம் போட்டது. கழுத்து நல்ல வெள்ளை, அசல் கருடனேதான். "ஏங்க, அந்தா பாருங்க!" என்று தோளைத் தட்டினேன்.

இவர் மேலே பார்க்கவில்லை. ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"யாராவது நம்மளப் பாக்கிறாங்களா புள்ள?"