விலகிப் போகையில் எடுத்த படம்

தொண்ணூறுகளில் நான் லண்டனில் ஒரு போட்டோ லாபில் கலர் பிரிண்ட் போடும் வேலையில் இருந்தேன். நாள் முழுக்க இருட்டறையில் நின்று கால் இரண்டும் வீங்கிவிடும். ஒருமுறை ஏதோ கண்காட்சிக்கென்று விண்வெளி நிலையத்தின் படம் ஒன்று வந்தது. பெரிதாகப் போட வேண்டுமாம். வானத்தைக் கறுப்பாக எடுத்தால் நிலையம் மங்கிப்போகும்; நிலையத்தைத் தெளிவாக்கினால் வானம் மண்ணிறமாகும். திரும்பத் திரும்பப் போட்டு, சீ என்று போய்விட்டது.

"ஏன்தான் இதை எடுத்தவையோ!" என்று எரிந்து விழுந்தேன்.

கூட வேலை செய்த மலேசியத் தமிழர் படத்தோடு வந்த குறிப்பை வாசித்துவிட்டுச் சொன்னார். "கிளம்பிப் போற விண்கலத்துலேருந்து எடுத்ததாம். போறப்ப ஒரு சுத்து சுத்தி, எங்க அடிபட்டிருக்குன்னு பார்த்து எடுப்பாங்க. உள்ள இருக்கிறவங்களுக்கு வெளிய என்ன ஆச்சுன்னு தெரியாதில்ல?"

"உள்ளுக்கை ஆக்கள் இருக்கினமோ?"

"ஆமா, இருக்காங்க."

அதன் பிறகு பார்த்தால், வெயிலில் கிடந்த பழைய தகரம் மாதிரி இருந்தது அந்த நிலையம். பாவம், உள்ளே இருந்தவர்கள் இதைக் கண்டிருக்க மாட்டார்கள்.

என் கைப்பையில் வேறொரு பிலிம் சுருள் கிடந்தது. கணவர் டொரோண்டோவிலிருந்து அனுப்பியது. "நீரே கழுவும், இஞ்சை குடுத்தால் நிறத்தைக் கெடுத்துப்போடுவாங்கள்" என்று போனில் சொல்லியிருந்தார். லண்டனில் அவர் வேலை பார்த்த கடை மூடியதும், கனடாவில் அண்ணை இருக்கிறார், முதலில் நான் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பியவர். அவர் போவதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை. அதை நான் சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் அலுத்துப்போயிருந்தோம். வாயைத் திறந்தால் சண்டைதான் வரும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கழுவிப் பார்த்தேன். முதல் படமே அவர் கிளம்பிய அன்று ஹீத்ரோ விமான நிலையத்தில். உள்ளே போகும் வாசலில் நின்று, திரும்பி, வழியனுப்ப வந்த என்னையும் மகளையும் எடுத்திருக்கிறார். அந்தச் சனத்துக்குள் அவர் திரும்பியதை நான் கவனிக்கவே இல்லை.

படத்தில் வேலைக் கோட்டோடு நான், நித்திரை கண்டு பல நாளான முகம். என் கை மகளின் வாயைப் பொத்தியிருந்தது. அவள் "அப்பா" என்று கத்தப் பார்த்தாள். பயணம் போகிறவரைப் பின்னால் கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். அவர் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்றுதான் பொத்தினேன். படத்தில் பார்த்தால் பிள்ளை பிடிக்கிறவள் மாதிரி நிற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போன் எடுத்தபோது, "நல்லாத்தான் எடுத்திருக்கிறியள் என்ரை மூஞ்சியை" என்று பகிடியாகத் தொடங்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏன் பிள்ளையின்ரை வாயைப் பொத்தினனீர்? ஒருக்கால் கூப்பிட்டிருந்தால் நான் திரும்பி வந்திருப்பன். அதுக்குத்தான் கமராவைத் தூக்கிக்கொண்டு அதிலை நிண்டனான்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கலியாணம் கட்டின புதிதில், இன்டர்வியூவுக்குப் போனவரைப் பின்னால் கூப்பிட்டுவிட்டேன் என்று என்னோடு ஒரு கிழமை கதைக்காமல் இருந்தவரும் இதே மனிதர்தான்.